வல்லினம் மிகா இடம்

பிரேமர்ஹாஃபனில், மீன் துறைமுகத்துக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட சோதனைக்கூடம்.
வெளியே வேஸர் கடலாகிக்கொண்டிருக்கும்.
எது வரை ஆறு என்று
நான்கு ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

உள்ளே என் வேலை உடைப்பது.
கையகலப் பட்டைகள்:
கண்ணாடி இழை, சுற்றிலும் எப்பாக்ஸிப் பிசின்.
தனியே தட்டிப் பாருங்கள், இரண்டும் நொறுங்கும் ரகம்.
சேர்த்து வார்த்தால் காற்றாலை இறகாகி
வடகடல் புயலில் வளைந்து வளைந்து நிமிரும்.
எப்படி என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

ஓன்னோவின் கட்சி: பிடி இறுகட்டும்.
இழையும் பிசினும் உடும்பாய்ப் பற்றிக்கொள்ளட்டும்.
அதற்கென்று ஒரு கரைசல் உண்டு.
அதில் இழைகளைக் குளிப்பாட்டுகிறவள் நான்.

அந்த வியாழக்கிழமை
ஊற்றிய தண்ணீரை ஊற்றவில்லை என்று நினைத்து
மறுபடியும் ஊற்றிவிட்டேன்.
பால்காரர் செய்தால் அதற்குப் பெயர் இருக்கிறது.
என்னுடையதற்குப் பெயர் தேடியபடி
ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாயன்று உடைத்தோம்.
முதலில் ஓன்னோவின் தட்டு, நடுவில் ஒரு கீறலோடு.
திரையில் கோடு ஏறியது, ஏறியது,
வீப்கே தேநீரை உறிஞ்ச மறந்து நின்றாள்.
டப்.
அவ்வளவுதான். உடைந்த முகத்தில்
குழல்விளக்கு தெரிந்தது.
விரிசல் இழையைச் சந்தித்திருக்கிறது,
சந்தித்ததே அதற்குத் தெரிந்திருக்காது.
பிசினில் புகுந்து இழையைக் கடந்து
கதவில்லாத வீட்டில் நடப்பதுபோல் நடந்து
மறுபக்கம் இறங்கிப் போயிருக்கிறது.

அடுத்தது, தண்ணீர் கலந்த என் தட்டு.
கோடு அவ்வளவு உயரம் ஏறவில்லை.
ஓன்னோ தோளைக் குலுக்கினான்.
டிக்.
பிறகு டிக் டிக்.
பிறகு தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி
ஒரு நீண்ட பொரிச்சல்.
விரிசல் இழையருகே வந்து
பிடி தளர்ந்த இடத்தைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பி,
இழையின் நீளத்துக்கே ஓடி, களைத்து,
அடுத்த இழையில் முதலிலிருந்து தொடங்கியது.
அறுந்த இழைகள்கூடச் சும்மா விடவில்லை.
உறையிலிருந்து வாளை உருவுகிற மாதிரி
உரசி உரசித்தான் வெளியே வந்தன.
கோடு விழாமல் சரிந்தது, மெதுவாக,
பேச்சை முடிக்க மனமில்லாதவர் மாதிரி.

கடைசியில் பட்டை இரண்டாகவில்லை.
தாடி முளைத்த இரு முனைகள்
நாலைந்து நூலில் தொங்கின.

கரூரில், ஏழாம் வகுப்பில்
வல்லினம் மிகும் இடங்களை மனப்பாடம் செய்தேன்.
மிகா இடங்களை விட்டுவிட்டேன்.
கேள்வி அதிலிருந்துதான் வந்தது.

'காரணம்' என்று படிவத்தில் ஒரு கட்டம்.
இருமடங்கு தண்ணீர், என் பிழை என்று எழுதினேன்.
வீப்கே படித்தாள். திட்டுவாள் என்று
கைகளை மேசைக்கடியில் வைத்திருந்தேன்.
"எவ்வளவு பிழை?" என்றாள். "கிராமில் சொல்."

ஓன்னோ விட்டுக்கொடுக்கவில்லை:
தளர்ந்த பிடியில் கடல்நீர் புகும்,
ஐந்து குளிர்காலம் போகட்டும், பிறகு பேசு.
அதுவும் உண்மைதான். ஒட்டவே ஒட்டாவிட்டால்
அது வெறும் நூல்கண்டும் பிசின் டப்பாவும்.
எங்கோ நடுவில் ஓர் அளவு இருக்கிறது,
நாளை முதல் அதை
அரைக் கிராம் அரைக் கிராமாகத் தவறிப் பார்க்கவேண்டும்.

ஐந்தரை மணிப் பேருந்தில்
கோட்டுப் பையில் அந்தப் பட்டை.
விரலால் தடவியிருக்கக் கூடாது.
கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முள் ஒன்று
கட்டைவிரலில் ஏறி
இரவு முழுக்க அரிக்கிறது.